நான்கெல்லை வாசிக்கும் வேலை

கல்வெட்டுப் படியைக் கையில் எடுத்ததும் பலரும் முதலில் தேடுவது மெய்க்கீர்த்தியை. எந்த அரசன், எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்தெந்த நாட்டை வென்றான் என்று பார்ப்பார்கள். அடுத்து கொடையாளியின் பெயர். பிறகு கண் நேராகக் கடைசி வரிக்குப் போய்விடும். நடுவே, 'கீழ்பாற்கெல்லை இன்ன வாய்க்காலுக்கு மேற்கும், தென்பாற்கெல்லை இன்ன ஏரிக்கரைக்கு வடக்கும்' என்று வரிவரியாக நீளும் பகுதியைச் சலிப்பூட்டுவது என்று தள்ளிவிடுவார்கள். என் பணிக்காலத்தின் பெரும்பகுதி அந்த வரிகளில்தான் கழிந்தது. அரசனின் வெற்றிகளைச் சொல்வதற்கு மரபான சொற்கள் இருந்தன. அவற்றில் மிகை இருக்கலாம். எல்லையைச் சொல்லும்போது மிகைக்கு இடமில்லை. பக்கத்து வயல்காரன் விடமாட்டான்.

நான் படித்ததும் கற்பித்ததும் புவியியல். அதற்குள் வரலாற்றுப் புவியியலைத் தேர்ந்தெடுத்தவனுக்கு இரண்டு வீட்டிலும் திண்ணைதான். புவியியல் துறையில் 'இது வரலாறு' என்பார்கள். வரலாற்றுத் துறையில் 'இது வரைபட வேலை' என்பார்கள். ஆனால் தமிழகத்தில் இந்தத் துறைக்கு வேர் இல்லாமல் இல்லை. சென்னையில் 1926இலேயே மெட்ராஸ் புவியியல் சங்கம் தோன்றி, பின்னாளில் இந்தியப் புவியியல் சங்கமாக வளர்ந்தது. 1973இல் வெளிவந்த நூல் ஒன்றில் எ. சுப்பராயலு, கல்வெட்டுகளில் வரும் ஊர்களை இன்றைய ஊர்களோடு பொருத்திச் சோழநாட்டின் 'நாடு'களை, அதாவது பல ஊர்கள் சேர்ந்த பழைய வட்டாரப் பிரிவுகளை, வரைபடத்தில் கொண்டுவந்தார். அவர் வரலாற்று ஆய்வாளர். புவியியலாளர்கள் செய்திருக்க வேண்டிய வேலை அது என்பதை ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் சொல்லிவந்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

சோழர் செப்பேடுகளில் ஓர் ஊரைக் கொடையாகத் தரும்போது பெண் யானையை எல்லை நெடுக நடக்கவிட்டார்கள். 'பிடி சூழ்ந்து' என்பது அதுதான். யானை நடந்த வழியில் 'கல்லும் கள்ளியும் நாட்டி' எல்லையை உறுதி செய்தார்கள். ஊருக்குள் அடங்கும் நிலத்தைச் சொல்ல 'உடும்போடி ஆமை தவழ்ந்தது' என்று ஒரு தொடர் வரும். உடும்பு ஓடுவது மேட்டில். ஆமை தவழ்வது ஈரத்தில். மேடும் பள்ளமும் புன்செயும் நன்செயும் அந்த ஒரே தொடரில் அடங்கிவிட்டன. இதை எழுதியவர்கள் நிலத்தை நடந்து பார்த்தவர்கள். வாசிக்கிறவனும் நடக்க வேண்டும்.

ஒரு கல்வெட்டில் தென்பாற்கெல்லையாக ஒரு வாய்க்கால் வருகிறது. இந்திய நில அளவைத் துறையின் வரைபடத்தில் அந்த இடத்தில் எதுவும் இல்லை. வயல்களை ஒவ்வொன்றாக அளந்து காட்டும் கிராமப் புலப்படத்திலும் இல்லை. மாணவர்களோடு நேரில் போனால் ஒரே சீரான வயல்வெளி. ஏரியில் மடை திறந்துவிடும் பெரியவர் ஒருவரிடம் கேட்டோம். "மழை விட்ட மறுநாள் வாருங்கள் ஐயா, அதுவே காட்டிக்கொடுக்கும்" என்றார். சொன்னபடியே போனோம். மற்ற வயல்களில் நீர் வடிந்திருந்தது. ஒரு கோட்டில் மட்டும் வயலுக்கு வயல் தாண்டி நீர் தேங்கி நின்றது. அந்தக் கோட்டில் நாற்றின் நிறம்கூடச் சற்று வேறாக இருந்தது. அடியில் தூர்ந்துபோன வாய்க்கால் அது. கோட்டின் மேல்முனை நேராக ஏரியின் பழைய தூம்புக்கு, அதாவது நீர் வெளியேறும் மதகுக்கு, போய்ச் சேர்ந்தது. கல்வெட்டு சொன்ன திசையும் அதே. இப்படி ஓர் எல்லை பிடிபட்டால் மற்ற மூன்றும் மெல்ல மெல்லப் பிடிபடும்.

எல்லைகளை வாசிப்பது நிலத்தை மட்டும் காட்டுவதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராசராசன் கொடுத்த ஊர்களின் பட்டியலில், வரி விதிக்காமல் கழித்துவிட்ட இடங்கள் தனியே வருகின்றன: ஊர்நத்தம் (வீடுகள் உள்ள பகுதி), கோயில்கள், குளங்கள், ஊடறுத்துப் போன வாய்க்கால்கள், கம்மாணசேரி (கம்மாளர் குடியிருப்பு), பறைச்சேரி, சுடுகாடு. யார் ஊருக்குள், யார் சேரியில் என்பது ஆயிரம் ஆண்டுக்கு முன்பே அளவோடு கல்லில் ஏறியிருக்கிறது. இந்த வரியைப் பாடமாக நடத்தும்போது வகுப்பில் சிலர் தலை குனிந்ததைப் பார்த்திருக்கிறேன். சிலர் சினத்தோடு கேள்வி கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தான் அவை. நத்தம் என்ற வகை இன்றைய வருவாய்ப் பதிவேட்டிலும் இருக்கிறது. பண்பாட்டுப் புவியியல் என்றால் உடை, உணவு, திருவிழா என்று எண்ணி வருகிறவர்களுக்கு இந்தப் பட்டியலைத்தான் முதலில் கொடுப்பேன்.

அதே கோயில் இன்னொரு நில அளவையையும் கண்டது. 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து, நாட்டை முக்கோணங்களாகப் பிரித்து அளக்கும் பெரும் அளவையைத் தொடங்கிய ஆங்கிலேய அதிகாரி லாம்டன், 1808இல் தஞ்சைக்கு வந்தார். கோணங்களை அளக்கும் அரை டன் எடையுள்ள தியோடலைட்டைக் கோபுரத்தின் மீது ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. அவரே உட்கார்ந்து அதைச் செப்பனிட்டார். முந்திரிகைக்கும் (320இல் ஒரு பங்கு) கீழே பின்னம் பின்னமாக நிலத்தைக் கணக்கிட்டுக் கல்லில் எழுதியவர்களின் கோயிலில் நடந்தது இது. இரண்டு அளவைகளையும் ஒரே தாளில் வைத்து ஒப்பிடும் ஆய்வு இன்னும் எத்தனையோ பேருக்கு இடம் தரும்.

இன்றைய மாணவர்கள் செயற்கைக்கோள் படத்தையும் மென்பொருளையும் விரைவாகக் கற்றுக்கொள்கிறார்கள். அது நல்லது, வேலையும் அதில்தான் கிடைக்கிறது. ஆனால் லிங்க் கணக்கில் அளந்த பழைய புலப்படத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஒரு சங்கிலிக்கு நூறு லிங்க், அதாவது 66 அடி என்பதைக்கூடப் பட்டமேற்படிப்பில் தொடக்கத்திலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. ஆய்வுத் திட்டங்களுக்கு மதிப்பெண் போடுகிறவர்கள் ஆண்டுக்கு எத்தனை கட்டுரை என்று கேட்கிறார்கள். நான்கெல்லை அந்தக் கணக்குக்கு ஒத்துவராது. ஓர் ஊரை முடிக்க ஒரு மழைக்காலமாவது காத்திருக்க வேண்டும்.

இப்போது அவசரமாகச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஊர்க்கணக்கு எழுதிய பரம்பரைக் கர்ணம் பதவி 1980இல் ஒழிக்கப்பட்டது. அது சரியான முடிவு. ஆனால் பல கர்ணம் குடும்பங்களின் பரணில் கையெழுத்துக் கணக்குகளும் யாருக்கு எப்போது நீர் என்று சொல்லும் வாய்க்கால் முறைப் பட்டியல்களும் தங்கிவிட்டன. எழும்பூரில் உள்ள ஆவணக் காப்பகத்துக்கு வராத தாள்கள் அவை. வீடு இடிக்கும்போது பழைய பேப்பர்காரரிடம் போகின்றன. புவியியல் துறை உள்ள ஒவ்வொரு கல்லூரியும் தன்னைச் சுற்றியுள்ள பத்து ஊர்களுக்குப் போய், அந்தத் தாள்களைக் கேட்டு வாங்கிப் படமெடுத்து, உரியவரிடமே திருப்பித் தரலாம். ஒரு கைப்பேசியும் பொறுமையும் இருந்தால் போதும். அடுத்த பருவ களப்பணிக்கே இதை வைத்துக்கொள்ளலாம்.