ஆடும் எலுமிச்சையும்: ஆனி மூன்றாம் வாரம்

ஆட்டையும் எலுமிச்சையையும் ஒரே வேலிக்குள் வைக்காதே என்று ஊரில் சொல்லாத ஆள் இல்லை. நான்தான் கேட்கவில்லை. கடையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் எங்களுக்கு இருப்பதே ஒன்றரை ஏக்கர். அதில் 60 எலுமிச்சை, 9 வெள்ளாடு, ஒரு பசு, எண்ணிக்கைக்குள் நிற்காத நாட்டுக்கோழிகள். மரத்துக்கு நடுவே முளைக்கிற புல்லை ஆடு மேய்ந்தால் களைக்கூலி மிச்சம், புழுக்கை அப்படியே உரம் என்று கணக்குப் போட்டிருந்தேன். ‘ஆட்டு எரு அவ்வருடம், மாட்டு எரு மறுவருடம்’ என்று பெரியவர்கள் சொன்னதும் மனதில் இருந்தது. வெள்ளாட்டுக்குக் குனிந்து மேய்வதைவிட அண்ணாந்து மேய்வதில்தான் ஆசை என்பதை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை.

போன மாதம் அடிக்கிளைகளை இடுப்பு உயரத்துக்குக் கழித்துவிட்டேன். பலன் இல்லை. முன்னங்கால் இரண்டையும் கவட்டையில் ஊன்றி எழுந்து, முள்ளுக்கு நடுவே உதட்டை நுழைத்து, கொழுந்தை மட்டும் நறுக்கென்று கிள்ளுகிறது. முள் ஒன்றுகூடக் குத்துவதில்லை. பழம் பறிக்கிற எனக்குத்தான் கையெல்லாம் கீறல்.

அதனால் இந்த வாரம் சாணிக் கரைசலைச் செய்து பார்த்தேன். ஞாயிறு காலையில் அன்று போட்ட பச்சைச் சாணி 2 வாளி எடுத்து, தண்ணீரில் கூழாகக் கரைத்து, ஈர்க்கு வாரியலை முக்கி ஆடு எட்டுகிற உயரம் வரை இலை மேல் விசிறி அடித்தேன். 60 மரத்துக்கும் மூன்று மணி நேரம் ஆனது. சட்டையை அம்மா வீட்டுக்குள் கொண்டுவர விடவில்லை.

திங்கள் பகலில் வேலையில் இருந்தபோது அம்மா போன் செய்தாள். “எல, ஒண்ணுகூட மரத்தப் பாத்துத் திரும்பல. மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிட்டுப் போவுது.” செவ்வாயும் அப்படியே. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

புதன் ராத்திரி சாரல் பிடித்துக்கொண்டது. ஆனியில் மலைப்பக்கம் சாரல் வரும் என்பது இங்கே சின்னப்பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும்தான், சாணி கரைக்கும்போது ஏனோ ஞாபகம் வரவில்லை. வியாழன் காலையில் இலையெல்லாம் எண்ணெய் தேய்த்துக் குளித்த மாதிரி பளபளவென்று நின்றன. மத்தியானத்துக்குள் கிடா, இரண்டு எலுமிச்சை இளங்கன்றுகளின் உச்சியை முடித்துவிட்டது. ஒன்றரை வருடம் வளர்த்த கன்றுகள்.

பக்கத்துக் காட்டுத் தாத்தா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துச் சிரித்தார். “சாணி இலையில காஞ்சு ஒட்டணும்யா. அது கோடைக்குள்ள வைத்தியம். பசியோட தோட்டத்துக்குள்ள வுட்டா ஆடு என்ன செய்யும்? மொதல்ல வயித்த ரொப்பிட்டு உள்ள வுடு.” வெள்ளிக்கிழமையிலிருந்து அப்படித்தான் செய்கிறோம். புல்லில் ஈரம் காயும்வரை தொழுவில் அகத்தி, பிறகு ஓடைக்கரையில் உடைமரத்து நெற்று, சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும் தோட்டம். ஈரப்புல்லில் மேய்ந்தால் குடற்புழு ஏறும் என்பதால் காலையில் அடைத்து வைப்பதும் நல்லதுதான். மரத்தை இப்போது அவ்வளவாகத் தொடுவதில்லை. ஆனால் வயிறு நிறைந்த ஆடு புல்லையும் பேருக்குத்தான் கடிக்கிறது. களைக்கூலி மிச்சமாகும் என்று போட்ட கணக்கு அதோடு போயிற்று.

அதே வெள்ளிக்கிழமை விடியற்காலையில் பால்கன்னி குட்டி போட்டது. உடம்பு கருப்பு, முகத்தில் இரண்டு பக்கமும் வெள்ளைக்கோடு உள்ள கன்னி ஆடு அது. தை கடைசியில் கிடா சேர்ந்ததால் இந்த வாரம்தான் என்று எதிர்பார்த்திருந்தோம். இரண்டு குட்டி நல்லபடியாக விழுந்து எழுந்து மடியைத் தேடின. முடிந்தது என்று நினைத்தபோது மூன்றாவது வந்தது. என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரிது. தாய் ஒருமுறை நக்கிவிட்டு மற்ற இரண்டின் பக்கம் திரும்பிக்கொண்டது. அதற்கு இருப்பதும் இரண்டு காம்புதானே.

குட்டியின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. வாய் குளிர்ந்திருந்தால் உடனே பால் கொடுக்கக் கூடாது, முதலில் சூடு ஏற்ற வேண்டும். சாக்கால் அழுத்தித் துடைத்து, அடுப்படியில் கணப்புப் பக்கம் மடியில் வைத்துக்கொண்டு அம்மா அரை மணி நேரம் தேய்த்தாள். தொப்புளில் அயோடின் வைத்தேன். விரலைச் சப்ப ஆரம்பித்த பிறகு சீம்பால் பீய்ச்சி வந்தோம். பாட்டில் காம்பு அந்த வாய்க்குப் பெரிதாக இருந்தது. அம்மா பரணில் தேடி, எனக்குப் பால் புகட்டின பாலாடையை எடுத்து வந்தாள். தலையை அண்ணாத்தாமல், குட்டி தாயிடம் நின்று குடிக்கிற வாக்கிலேயே பிடித்துக்கொண்டு, சொட்டுச் சொட்டாகக் கடைவாயில் விட்டோம். அவசரப்பட்டால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். ஐந்தாறு சொட்டுக்குப் பிறகு வால் ஆட ஆரம்பித்தது. அன்று வேலைக்கு ஒன்றரை மணி நேரம் தாமதம்.

சனிக்கிழமை 42 கிலோ எலுமிச்சை கமிஷன் கடைக்குப் போனது. கழிவு என்று 2 கிலோ பிடித்துக்கொண்டார்கள், கிலோ 35 ரூபாய். சித்திரையில் நூறைத் தாண்டி விற்ற அதே மரத்துப் பழம். சாரல் காலத்தில் யார் ஜூஸ் குடிக்கிறார்கள்? சரி, போகட்டும்.

அடைக்கு வைத்த 11 முட்டையை ஒன்பதாம் நாள் செல்போன் வெளிச்சத்தில் பார்த்ததில் 2 கூமுட்டை. மற்றதிலெல்லாம் ரத்த நரம்பு ஓடுகிறது. இடிக்குப் பாதுகாப்பு என்று அம்மா மணலுக்கடியில் வைத்த இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் அங்கேயே இருக்கின்றன. நான் தொடவில்லை.

ஞாயிறு காலை மூன்றாவது குட்டி நாலு காலில் நின்றது. பின்னங்கால் இன்னும் நடுங்குகிறது. ஒரு பக்கத்துக் காம்பில் அம்மா பிடித்து விட்டால் குடிக்கிறது, விட்டுவிட்டால் மற்ற இரண்டும் முட்டித் தள்ளிவிடுகின்றன. ராத்திரிப் பால் இன்னும் பாலாடையில்தான்.

கிடாவைச் செவ்வாய்க்கிழமை மேலப்பாளையம் சந்தைக்கு ஏற்றப் போகிறேன். பக்ரீத்துக்கே ஏற்றியிருக்க வேண்டும். அதுவரை புளியமரத்தில் கட்டிப் போட்டிருக்கிறேன், எலுமிச்சையைப் பார்த்தபடிதான் நிற்கிறது.