லிமிட்டுக்குள்தான் சார்

"நம்பர் சரியாத்தான் வருதா தம்பி?" என்று டாக்டர் கேட்டார். "லிமிட்டுக்குள்தான் சார்" என்றேன். பேச்சு அவ்வளவுதான். நான் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் லிமிட்டைக் கேட்கவில்லை.

அன்று காலை சி.டி. ஸ்கேன் மிஷினுக்கு வார்ம் அப் முடித்து, அதைச் சோதிக்கும் தண்ணீர் ஃபேன்டமை (தண்ணீர் நிரப்பிய உருளையை) வைத்தபோது 6 காட்டியது. தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000. உடம்பின் ஒவ்வொரு பகுதியும் எவ்வளவு அடர்த்தி என்று எண்ணாகச் சொல்லும் ஹவுன்ஸ்ஃபீல்டு கணக்கு முழுக்க இந்த இரண்டு ஆணியில்தான் தொங்குகிறது. எங்கள் மிஷினில் தண்ணீர் இரண்டு பக்கமும் 4 வரை விலகலாம். காற்றை வைத்து மிஷினைச் சரிசெய்யும் ஏர் கேலிப்ரேஷனை மறுபடி ஓட்டினேன். 3.8. வெளியே வெறும் வயிற்றோடு ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். லாக் புக்கில் '4, ஓகே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மதியம் ஓர் அம்மாவுக்கு கான்ட்ராஸ்ட் (படம் தெளிவாகத் தெரிய ஏற்றும் ஊசி மருந்து) போடாமல் வயிற்று ஸ்கேன். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியில் சின்னதாக ஒரு கட்டி. டாக்டர் அதன் மேல் வட்டம் போட்டார்: 12. 10-க்குள் இருந்தால் கொழுப்புள்ள அடினோமா (புற்றுநோய் அல்லாத கட்டி), பயமில்லை என்று எழுதிவிடலாம். 12 என்றால் ஊசி போட்டு ஒரு முறையும், 15 நிமிடம் கழித்து இன்னொரு முறையும் எடுக்க வேண்டும். அப்போதுதான் என்னைக் கேட்டார்.

12-ல் 3.8 போனால் 8.2. இந்தக் கழித்தலை ராத்திரி பஸ்ஸில்தான் போட்டேன். தப்பான கணக்கு என்பதும் தெரியும். ஃபேன்டமின் நடுவில் இருக்கும் பிழை வயிற்றுக்குள் அப்படியே வராது. பருத்த உடம்பில் பீம் ஹார்டனிங் (எக்ஸ்ரே கதிர் உடம்பைக் கடக்கும்போது மாறிப்போவது) எண்ணை வேறு விதமாக இழுக்கும். வட்டத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தாலே இரண்டு மூன்று மாறும். 10 என்பதும் யாரோ கிழித்த கோடுதானே? எனக்குச் சாதகமாகப் பேச எனக்கு நன்றாகவே வரும்.

"காலைல 3.8 சார்" என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்? சொன்னால், "அப்ப எதுக்கு ஸ்கேனை ஆரம்பிச்சே?" என்பாரோ என்ற பயம். அவர் ஒருவேளை எதுவும் சொல்லாமல் கான்ட்ராஸ்டுக்கே அனுப்பியிருக்கலாம். அப்படியென்றால் நான் சொல்லாததில் நஷ்டமே இல்லை. இந்த நியாயம் வீடு வரை கூட வருவதில்லை.

கான்ட்ராஸ்ட் போட்டுப் பார்த்ததில் அடினோமாதான். "மறுபடியுமா தம்பி, முதல்ல எடுத்தது சரியா விழலையா?" என்று டேபிளில் படுத்தபடி அந்த அம்மா கேட்டார். சர்க்கரைக்காரர் வேறு, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று ரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்துவிட்டுத்தான் ஊசி போட்டோம். இரண்டு நாள் கழித்து இன்ஜினியர் வந்து கேலிப்ரேஷன் செய்ததும் தண்ணீர் 0.3-க்கு வந்தது.

அதற்குப் பிறகு லாக் புக்கில் புள்ளிக்குப் பின்னாலும் எழுதுகிறேன். போன வாரம் 3.1. எழுதினேன். டாக்டர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.