பழைய ஃபயர் ஸ்டேஷனில் அந்தக் கோபுரம் எதற்கு?

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, எஸ்பிளனேடு. வடசென்னைக்காரர்கள் இந்தத் தீயணைப்பு நிலையங்களைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போகிறார்கள். சிவப்பு வண்டி கண்ணில் படும், கட்டடம் படாது. பழைய பாணி ஃபயர் ஸ்டேஷன் என்பது ஓஸ் பைப்பின் நீளம், வண்டியின் அகலம், தண்ணீரின் எடை ஆகிய மூன்றையும் கணக்குப் போட்டுக் கட்டியது. அந்த மூன்றும் மாறியபோது கட்டடத்தின் எந்தப் பகுதிக்கு வேலை போனது, எதற்குப் புது வேலை வந்தது என்று பார்த்தால் அதன் சரித்திரம் கிடைத்துவிடும். திறந்து வைத்தவர் பெயர் கல்வெட்டில் இருக்கும், அதை அங்கேயே படித்துக்கொள்ளலாம்.

கோபுரத்திலிருந்து ஆரம்பிக்கலாம். தீ எங்கே என்று பார்ப்பதற்கான காவல் கோபுரம் என்றே பலர் நினைக்கிறார்கள். தொலைபேசி பரவாத காலத்தில் அந்த வேலையும் இருந்தது. ஆனால் அன்றாட வேலை, ஓஸ் காயப்போடுவது. அந்தக் காலத்து ஓஸ் பருத்தி அல்லது ஆளிநார் நூலில் நெய்த கான்வாஸ், உள்ளே ரப்பர் கிடையாது. தண்ணீர் ஏறியதும் நூல் ஊறி இறுகும், ஆனாலும் மேலெல்லாம் கொஞ்சம் கசியும். அந்தக் கசிவுதான் தணல் மேல் இழுக்கும்போது ஓஸைக் கருகாமல் காப்பாற்றும். சிக்கல் பிறகுதான் வரும். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் நம் ஊர்ப் புழுக்கத்துக்குச் சில நாளிலேயே பூஞ்சை பிடிக்கும். நூல் உள்ளுக்குள்ளேயே இற்றுப்போகும், வெளியே ஒன்றும் தெரியாது. அடுத்த தீ விபத்தில் பம்ப் 7 பார் (காற்றழுத்தத்தைப் போல் சுமார் ஏழு மடங்கு) அழுத்தம் கொடுத்ததும் நட்டநடுவில் கிழியும்.

அதனால் காயப்போட ஒரு முறை இருந்தது. 63 மில்லிமீட்டர் ஓஸ், 15 மீட்டர் நீளம் என்றால் உள்ளே நிற்கும் தண்ணீரே சுமார் 47 லிட்டர். முதலில் ஒரு முனையிலிருந்து தோளில் தூக்கிப்போட்டபடி மறுமுனைவரை நடந்து அதை வடிக்க வேண்டும். பிறகு பிரஷ்ஷும் நல்ல தண்ணீரும் வைத்துச் சேற்றைக் கழுவ வேண்டும். கோபுர உச்சியில் கப்பி இருக்கும், கயிற்றின் நுனியில் உருண்டையான மரக்கட்டை இருக்கும். ஓஸின் நடுப்பகுதியை அந்தக் கட்டை மேல் போட்டு மேலே இழுப்பார்கள். இரு முனையிலும் உள்ள கப்ளிங், அதாவது உலோக இணைப்பு, கீழே தொங்கும். கப்ளிங்கைப் பிடித்து ஒற்றையாகத் தொங்கவிட்டால் மொத்த எடையும் ஓஸைக் கப்ளிங்கோடு இறுக்கிய கம்பிக்கட்டின் மேல் விழுந்து கட்டு தளர்ந்துவிடும். நடுவில் மடித்துத் தொங்கவிடுவதால் 15 மீட்டர் ஓஸுக்கு ஏழரை மீட்டர் உயரம் போதும், 30 மீட்டர் ஓஸுக்கு 15 மீட்டர் வேண்டும். கோபுரத்தின் உயரத்தைப் பார்த்தால் அந்த நிலையம் எத்தனை நீள ஓஸ் வைத்திருந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். அடியிலும் உச்சியிலும் காற்றுத் துளைகள் இருக்கும். ஈரக் காற்று வெளியேற அதுதான் வழி, வெயில் நேராகப் படாது. கான்வாஸுக்கு நேர் வெயிலும் ஆகாது.

ரப்பர் பூசிய செயற்கை இழை ஓஸ் வந்தபிறகு கோபுரத்துக்கு அந்த வேலை போய்விட்டது. வடித்து, துடைத்து, நிழலில் உலர்த்தினால் போதும். இப்போது அதன் எதிரி மடிப்பு. ஒரே கோட்டில் திரும்பத் திரும்ப மடித்தால் உள்ரப்பர் அந்தக் கோட்டிலேயே வெடிக்கும், அதனால் ஒவ்வொரு முறையும் மடிப்பை நகர்த்த வேண்டும். பெண் கப்ளிங்கில் (மறு முனையை உள்ளே வாங்கிக்கொள்வது) இருக்கும் வாஷர் விழுந்துவிட்டதா என்றும் விரலை விட்டுப் பார்க்க வேண்டும். சில ரூபாய் வாஷர்தான், அது இல்லாமல் போனால் இணைப்பிலேயே தண்ணீர் பீய்ச்சும். கோபுரம் ஏணிப் பயிற்சிக்கும் வயர்லெஸ் ஆன்டெனாவுக்கும் ஆனது. சில ஊர்களில் சும்மா நிற்கிறது.

தண்ணீருக்கு வருவோம். சென்னையில் தீயணைப்புப் படை 1908-இல் ஆரம்பித்தது. ஆறே வருடத்தில், 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் குண்டு போட்டுத் துறைமுகத்தில் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளை எரித்தது. எண்ணெய்த் தொட்டித் தீயில் வெறும் தண்ணீரை அடிப்பது ஆபத்து. தண்ணீர் கனமானது, எண்ணெய்க்கு அடியில் போய் உட்காரும். சூடு கீழே இறங்கியதும் ஒரேயடியாக ஆவியாகி, எரிகிற எண்ணெயை வெளியே வீசும். பக்கத்துத் தொட்டியைத் தண்ணீரால் குளிரவைக்க வேண்டும், எரிகிற தொட்டிக்கு நுரை போட வேண்டும். இன்றைய கணக்கில் 100 லிட்டர் கலவைக்கு 3 அல்லது 6 லிட்டர் நுரை மூலக்கரைசல். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, மணலி பக்கம் எண்ணெய் முனையங்களும் சுத்திகரிப்பு ஆலையும் இருக்கிற வரைக்கும் இந்தப் பாடத்துக்கு வேலை உண்டு.

வழக்கமான வாட்டர் டெண்டரில், அதாவது தண்ணீர் டாங்க் உள்ள தீயணைப்பு வண்டியில், 4,500 லிட்டர் பிடிக்கும். கேட்கப் பெரிதாகத்தான் இருக்கும். 20 மில்லிமீட்டர் நாசிலில் (ஓஸின் பீய்ச்சு முனை) 7 பார் அழுத்தத்தில் அடித்தால் நிமிடத்துக்கு 700 லிட்டர் போகும், ஆறரை நிமிடத்தில் டாங்க் காலி. 12.5 மில்லிமீட்டர் நாசில் என்றால் சுமார் 16 நிமிடம் வரும். அதனால் நிலையத்தின் நிலத்தடி சம்ப் கட்டடத்தைவிட முக்கியம் என்பேன். கிணற்றிலிருந்தோ குளத்திலிருந்தோ உறிஞ்சுவதற்கும் எல்லை உண்டு. ஏட்டுக்கணக்கில் பத்து மீட்டருக்கு மேல், நடைமுறையில் ஏழு மீட்டர்தான். சக்‌ஷன் ஓஸ் இணைப்பில் கொஞ்சம் காற்று கசிந்தாலும் அதுவும் வராது. காசிமேடு பக்கம் கடல்நீரைப் பயன்படுத்தினால், திரும்பி வந்ததும் பம்ப், டாங்க், நாசில் எல்லாவற்றிலும் நல்ல தண்ணீரை ஓடவிட வேண்டும். கழுவாமல் விட்டால் வால்வுகள் உப்பில் இறுகிக்கொள்ளும்.

இந்த 4,500 லிட்டர்தான் பழைய கட்டடத்தின் தரையையும் உடைத்தது. தண்ணீர் மட்டும் நாலரை டன். வண்டியோடு சேர்த்தால் பத்து டன்னுக்கு மேல். குதிரை வண்டிக்கும் ஆரம்பகால மோட்டார் இன்ஜினுக்கும் போட்ட தரை இதை எதிர்பார்க்கவில்லை. சக்கரம் நிற்கிற இரண்டு கோட்டில்தான் முதலில் பள்ளம் விழும். சம்ப் அந்தத் தரைக்கடியிலேயே இருந்தால் சும்மா பூசி மறைக்கக் கூடாது, ஸ்லாப்பை அடியிலிருந்து பார்க்க வேண்டும், கம்பி துருப்பிடித்துக் காரை உதிர்ந்திருக்கும்.

வாசலும் இப்படித்தான். வண்டியின் அகலம் இரண்டரை மீட்டர், பக்கக் கண்ணாடிகள் தனி. வளைவு வைத்த பழைய வாசலில் ஓட்டுநர் அங்குலம் அங்குலமாக எடுப்பார். வளைவை வெட்டி அகலப்படுத்துவதுதான் பலருக்கும் தோன்றும் வழி. செங்கல் வளைவு பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்கும், பக்கத்து வளைவின் தள்ளுதான் அதைச் சமன் செய்கிறது. வரிசையில் ஒன்றை மட்டும் எடுத்தால் அடுத்த தூண் சாயும். முட்டுக் கொடுத்து இரும்பு உத்திரம் செருகிய பிறகே செங்கல்லைத் தொட வேண்டும். பட்ஜெட் இல்லையென்றால் வண்டியை முற்றத்தில் ஷெட் போட்டு நிறுத்துவது நல்லது.

வடசென்னைக்கே உரிய இன்னொரு தொல்லை உண்டு. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போட்டதில் தெரு உயர்ந்துவிட்டது. முன்பு தரையின் சரிவு தெருவைப் பார்த்து இருந்தது, கழுவின தண்ணீர் தானே ஓடும். இப்போது தெருத் தண்ணீர் உள்ளே வருகிறது. தரையை உயர்த்தினால் வாசல் உயரம் குறைந்து, மேலே இருக்கும் ஏணி இடிக்கும். வாசல் கோட்டில் குறுக்கே கம்பிச் சட்டம் போட்ட கால்வாய் வெட்டி மழைநீர் வடிகாலில் சேர்ப்பதுதான் சரியான வழி. சட்டம் வண்டி எடையைத் தாங்க வேண்டும், சாதாரண வீட்டு கேட் கம்பி ஒரே வாரத்தில் வளையும்.

இங்கே வரும் அழைப்புகளும் மாறிவிட்டன. ஒரு காலத்தில் கோடை என்றால் குடிசைத் தீ. எரிகிற குடிசையைக் காப்பாற்ற முயல்வது வீண். காற்று போகும் பக்கம் இரண்டு குடிசை தள்ளி, நீண்ட கழியில் கொக்கி மாட்டிக் கீற்றைப் பிடுங்கி இடைவெளி உண்டாக்க வேண்டும். குடிசை மாற்று வாரியம் 1970-இல் வந்து அடுக்குமாடிகள் எழும்ப எழும்ப அந்தக் கொக்கிக்கு வேலை குறைந்தது. கேஸ் சிலிண்டரும் மின்கசிவும் வந்தன. 2017 ஜூலையில் கொடுங்கையூர்க் கடைத் தீயில் சிலிண்டர் வெடித்துத் தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். அதே கொடுங்கையூர்க் குப்பைமேட்டில் தீ என்றால் வேறு கதை. புகை மேலே, நெருப்பு பல அடி கீழே. மேலே எத்தனை லாரி தண்ணீர் ஊற்றினாலும் தோல்தான் நனையும். ஜேசிபி வைத்துக் கிளறி, நனைத்து, மண் மூட வேண்டும், நாள்கணக்கில் இழுக்கும். துறையின் பெயரிலேயே இப்போது மீட்புப் பணி சேர்ந்திருக்கிறது. வெள்ளத்துக்கு ரப்பர் படகு, வீட்டுக்குள் பாம்பு, கிணற்றில் ஆடு எல்லாவற்றுக்கும் 101-தான். இந்தச் சாமான்களை வைக்கப் பழைய நிலையத்தில் அறை கிடையாது, அதனால் ஓய்வறையின் பாதி ஸ்டோர் ஆகிவிடுகிறது.

வேலை முழுதாகப் போன கட்டடத்தை என்ன செய்யலாம்? சிங்கப்பூர் ஹில் ஸ்ட்ரீட்டின் சிவப்பு வெள்ளைச் செங்கல் நிலையம் 1909 முதல் இயங்குகிறது. அங்கே நிலையமும் ஓடுகிறது, 2001 முதல் ஒரு பகுதி அருங்காட்சியகமாகவும் இருக்கிறது. நியூயார்க் லாஃபாயெட் ஸ்ட்ரீட்டில் 1895-இல் கட்டிய ஒரு நிலையம் ஆவணப்பட மையமாகி, இப்போது அதற்குள் தியேட்டரே இருக்கிறது. எனக்குச் சிங்கப்பூர் வழிதான் பிடிக்கும். வண்டி வெளியே வர முற்றம், இரண்டு பக்கமும் போக ரோடு, சம்ப், இந்த மூன்றும் இன்னொரு தடவை சௌகார்பேட்டை, மின்ட் தெரு மாதிரி நெருக்கத்தில் கிடைக்காது. கட்டடத்தை நூலகமாக்கு, உடற்பயிற்சிக் கூடமாக்கு, வண்டி நிற்கிற இடத்தை மட்டும் விடாதே என்பேன். நடுவில் தூண் இல்லாத கீழ்த்தளம் எதற்கும் ஒத்துவரும்.

மராமத்தில் இரண்டு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. சுண்ணாம்புக் காரைச் சுவர் மேல் சிமென்ட் பூசுவது முதலாவது. கடற்கரை உப்பும் தரை ஈரமும் வெளியேற வழியில்லாமல் பூச்சைத் தள்ளும், இரண்டு மழைக்குள் பொருக்குப் பொருக்காக விழும். பழைய பூச்சைச் செங்கல் வரை எடுத்து, சுவரை உலரவிட்டு, சுண்ணாம்பாலேயே பூச வேண்டும். தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரைக்கும் இதே விதி. தேக்கு உத்திரத்தின் முனை சுவருக்குள் இற்றிருக்கிறதா என்று ஆணியால் குத்திப் பார்க்காமல் மேலே கான்கிரீட் எடை ஏற்றக் கூடாது. இரண்டாவது, ஓஸ் கோபுரத்துக்குள் லிஃப்ட். ஆர்க்கிடெக்ட் வரைபடத்தில் அழகாக இருக்கும். லிஃப்ட்டுக்குக் கீழே குழி வேண்டும், கோபுரத்தின் அஸ்திவாரமோ ஆழமில்லாத செங்கல் கட்டு. குழி தோண்டினால் கோபுரம் சாயும்.

பழைய சம்ப்பை மறுபடி பயன்படுத்துவதாக இருந்தால், மூடியைத் திறந்த உடனே ஆளை இறக்கக் கூடாது. வருடக்கணக்கில் மூடிக் கிடந்ததில் பிராணவாயு குறைந்திருக்கலாம், கழிவுநீர் கசிந்திருந்தால் விஷவாயுவும் சேரும். எல்லா மூடியையும் ஒரு முழு நாள் திறந்து வைத்து, புளோயரால் அடிவரை காற்று செலுத்தி, கேஸ் மீட்டரைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி மூன்றிலும் அளக்க வேண்டும். பிராணவாயு 19.5 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் யாரும் இறங்கக் கூடாது. இறங்குபவர் உடலில் ஹார்னஸ், அதில் கயிறு, மேலே இரண்டு பேர், புளோயர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.