குளிர்காலத்தில் தெற்கே போகும் பறவைகள்

பென்குயின் என்று சொன்னவுடன் நம் மனத்தில் வருவது கரையில் கூட்டமாக நிற்கும் பறவைதான். படம் பிடிப்பவர்களுக்கு அது கரையில் மட்டுமே அகப்படுகிறது என்பதால் வந்த வினை இது. நானும் வெகுகாலம் பென்குயினைக் கரைப்பறவையாகவே எண்ணியிருந்தேன். இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில், ஏறத்தாழ 46 பாகைத் தெற்கில், பிரான்ஸ் நாட்டின் ஆட்சியில் உள்ள குரோசே தீவுக்கூட்டத்தின் அரசப் பென்குயின்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்த எண்ணம் மாறியது. அவை தீவுக்கு வருவது முட்டையிடவும் குஞ்சை வளர்க்கவும் இறகு மாற்றவும்தான்; பிழைப்பு முழுவதும் தெற்கே பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால், பருவத்துக்கு ஒரு கடலில் நடக்கிறது.

கோடைக் கடலிலிருந்து தொடங்குகிறேன். தென்கோளத்தில் கோடை என்பது டிசம்பர் முதல் பிப்ரவரி வரை என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். குரோசேயிலிருந்து தெற்கே 300 முதல் 500 கிலோமீட்டர் தொலைவில், அண்டார்க்டிக்காவிலிருந்து வடக்கே நகரும் குளிர்நீர் சற்றே வெதுவெதுப்பான நீரைச் சந்தித்து அதன் அடியில் இறங்குகிறது. துருவ முகப்பு என்று கடலியலார் குறிப்பிடும் இந்த எல்லையைக் குறுகிய தூரத்துக்குள் கடந்தாலே மேற்பரப்பு நீரின் வெப்பநிலை இரண்டு மூன்று பாகை மாறிவிடும். அங்கே விளக்கு மீன்கள் திரள்கின்றன. விரல் நீளமே உள்ள, உடலில் ஒளிப்புள்ளிகள் கொண்ட இந்தச் சிறு மீன்கள்தாம் கோடையில் அரசப் பென்குயினின் உணவில் மிகப் பெரும்பகுதி.

விளக்கு மீன்கள் இரவில் மேற்பரப்பை நோக்கி ஏறி வருகின்றன. பகலில் நூறு மீட்டருக்கும் கீழே இறங்கிவிடுகின்றன. அப்படியானால் பறவை இரவில் வேட்டையாடுவதுதானே எளிது? அரசப் பென்குயின் நேர்மாறாகப் பகலில்தான் ஆழம் பார்க்கிறது. இரவில் மீன்கள் சிதறிக் கிடக்கின்றன, வெளிச்சமும் இல்லை. பகலில் ஆழத்தில் அடர்ந்து நிற்கின்றன, மேலிருந்து கொஞ்சமாவது ஒளி கசிகிறது. எனவே பன்னிரண்டு கிலோ எடையுள்ள ஒரு பறவை மூச்சை அடக்கிக்கொண்டு நூறு, இருநூறு மீட்டர் இறங்குகிறது. சில வேளைகளில் 300 மீட்டரையும் தாண்டுகிறது. ஒவ்வொரு முறையும் நான்கைந்து நிமிடங்கள் நீருக்கடியில் இருந்துவிட்டு மேலே வந்து, மூச்சு வாங்கி, மீண்டும் இறங்குகிறது. சூரியன் மறையும்வரை இதே வேலை.

ஏப்ரல், மே மாதங்கள் வந்ததும் கதை மாறுகிறது. முகப்பில் விளக்கு மீன்கள் எட்டாத ஆழத்துக்குப் போய்விடுகின்றன, பகல் பொழுதும் சுருங்குகிறது. குளிர் கூடினால் வெப்பத்தை நாடி வடக்கே போவதுதான் பறவைகளுக்கு வழக்கம் என்று நாம் எதிர்பார்ப்போம். குரோசேயின் பென்குயின்கள் இன்னும் தெற்கே, குளிருக்குள்ளேயே போகின்றன. கடல் உறைந்து பனிப்பாளமாகத் தொடங்கும் விளிம்பு வரை, தீவிலிருந்து சுமார் 1,600 கிலோமீட்டர் தொலைவுக்கு அவை நீந்திச் சென்றதைச் செயற்கைக்கோள் வழிக் கண்காணிப்பு காட்டியிருக்கிறது. கோடையில் ஓரிரு வாரத்தில் முடிந்த பயணம் குளிர்காலத்தில் ஒரு மாதத்துக்கும் மேல் நீள்கிறது.

இதன் விலையைக் கொடுப்பது குஞ்சு. அரசப் பென்குயினின் குஞ்சு வளர்ந்து கடலுக்குப் போக ஓராண்டுக்கும் மேலாகிறது. ஆகவே ஒரு முழுக் குளிர்காலத்தையும் அது கரையில் கழித்தே ஆக வேண்டும். பழுப்பு நிறத் தடித்த மென்மயிருடன் பெற்றோர் அளவுக்கே பருத்து நிற்கும் இந்தக் குஞ்சுகளைத் தொடக்க காலத்து மாலுமிகள் வேறொரு பென்குயின் இனம் என்றே நினைத்தார்களாம். படத்தைப் பார்த்தால் அவர்களைக் குறை சொல்லத் தோன்றாது. கோடை முடிவதற்குள் ஊட்டி வளர்த்த கொழுப்புதான் அதன் சேமிப்பு. அதன் பிறகு வாரக்கணக்கில், சில குஞ்சுகளுக்கு மாதக்கணக்கில், ஒருவாய் உணவும் கிடைக்காது. உடல் எடையில் பாதி வரை குறைந்த பின்னும் உயிரோடிருந்து செப்டம்பரில் மீண்டும் உண்ணத் தொடங்கும் குஞ்சுகள் உண்டு. ஒரு குஞ்சுக்கே இவ்வளவு காலம் பிடிப்பதால் ஓர் இணை மூன்றாண்டில் இரண்டு குஞ்சுகளை வளர்த்தாலே பெரிது.

எல்லாப் பென்குயினும் இப்படியல்ல. அண்டார்க்டிக்கக் கரையை ஒட்டிய ராஸ் தீவின் அடேலி பென்குயின்கள் குளிர்காலத்தில் வடக்கே நகர்கின்றன. கண்ணால் பார்த்து வேட்டையாடும் அவற்றுக்கு நண்பகலில் அந்திவெளிச்சமாவது வேண்டும். அவை கூடு கட்டும் தென்கோடியிலோ அந்த மாதங்களில் இருட்டுதான். பனிப்பாளங்களோடு சேர்ந்து அவை ஓராண்டில் சுற்றிவரும் தூரம் சராசரியாக 13,000 கிலோமீட்டர். குரோசேக்குக் கிழக்கே உள்ள கெர்கெலன் தீவின் மக்கரோனி பென்குயின்கள் ஏறத்தாழ ஆறு மாதம் தரையையே மிதிக்காமல் நடுக்கடலில் கழிக்கின்றன.

இவற்றுக்கிடையே கடலே மறுக்கப்படும் ஒரு காலமும் உண்டு. சென்ற ஆண்டு சிங்கப்பூர்ப் பறவைப் பூங்காவில் கண்ணாடிக்கு அப்பால் ஓர் அரசப் பென்குயின் மற்றவற்றிலிருந்து விலகிச் சுவரோரம் நின்றது. முதுகில் பழைய இறகுகள் கிழிந்த கம்பளி போலத் தொங்கின; கழுத்தடியில் புது இறகு நீலச்சாம்பலாக மின்னியது. "அதுக்கு உடம்பு சரியில்லையாப்பா?" என்று மகள் கேட்டாள். இறகு உதிர்க்கிறது என்று சொன்னேன். மற்றப் பறவைகள் சிறிது சிறிதாக மாற்றிக்கொள்ளும் இறகைப் பென்குயின் மொத்தமாக ஒரே மூச்சில் மாற்றுகிறது. அந்த மூன்று நான்கு வாரம் நீர்புகாத சட்டை இல்லாததால் கடலில் இறங்க முடியாது; பட்டினிதான். அதற்கு முன் ஒருமுறை கடலுக்குப் போய்க் கொழுத்துத் திரும்பியிருக்க வேண்டும். முதுகிறகில் ஒட்டிய கண்காணிப்புக் கருவியும் இந்தச் சமயத்தில் இறகோடு உதிர்ந்துவிடும் என்பது ஆய்வாளர்களுக்கு ஒரு தொல்லை.

கருவிகளைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பறவையின் வயிற்றுக்குள் வெப்பமானி வைத்து, குளிர்ந்த மீன் உள்ளே விழும்போதெல்லாம் வெப்பநிலை சரிவதைக் கொண்டு எங்கே எப்போது தின்றது என்று கண்டறிந்திருக்கிறார்கள். அது எனக்கு அழகான உத்தியாகப் படுகிறது. துடுப்பில் உலோகப் பட்டை மாட்டும் பழைய வழக்கம் அப்படியல்ல. குரோசே கூட்டத்தைச் சேர்ந்த பொசெஷன் தீவில் பத்தாண்டு ஒப்பிட்டுப் பார்த்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், பட்டை மாட்டிய பறவைகள் 39 விழுக்காடு குறைவான குஞ்சுகளையே வளர்த்திருந்தன. அவை இரைதேடக் கூடுதல் நாட்களும் எடுத்துக்கொண்டன. நீந்தியே பிழைக்கும் உயிருக்கு அந்தச் சிறு இழுவையும் சுமைதான்.

இழுவைக்கே இப்படியென்றால் தூரத்துக்கு என்ன ஆகும்? துருவ முகப்பு ஒரே இடத்தில் நிற்பதில்லை. கடல் வழக்கத்துக்கு மாறாக வெதுவெதுப்பாகும் ஆண்டுகளில் அது தெற்கே தள்ளிப்போகிறது. அப்போது குரோசேயின் பென்குயின்கள் கூடுதல் தூரம் நீந்தி, கூடுதல் ஆழம் இறங்க வேண்டியிருந்ததையும், தொடர்ந்து அவற்றின் எண்ணிக்கை குறைந்ததையும் 2015இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தீவோ நகர்ந்து கொடுக்காது.

தூரம் கூடினால் கடலுக்குப் போன பறவை கரை திரும்புவதும் தள்ளிப்போகும். இந்தத் தாமதத்துக்கு இயற்கையில் ஒரு சிறு ஏற்பாடு இருக்கிறது. இணையில் ஒன்று கடலுக்குப் போக, மற்றொன்று பாதங்களின்மேல் முட்டையை வைத்துக்கொண்டு நிற்கும். அடைகாலம் சுமார் 54 நாள். மாறி மாறி அடைகாப்பதில் கடைசி முறை பெரும்பாலும் ஆணுடையது. குஞ்சு பொரிந்துவிட்டது, பெண் இன்னும் வரவில்லை என்றால், ஆண் தன் வயிற்றிலிருந்து மீனை எடுத்து ஊட்டுகிறது. அந்த மீன் அது கரையேறுமுன் விழுங்கியது. 38 பாகை வெப்பத்தில் மூன்று வாரம் வரை செரிக்காமலும் அழுகாமலும் இருக்கிறது. வயிற்றில் இருக்கும் கிருமிகொல்லிப் புரதம் ஒன்றை ஆய்வாளர்கள் பிரித்தெடுத்து, ஸ்பெனிசின் என்று பெயரிட்டிருக்கிறார்கள். அந்த ஊட்டு குஞ்சுக்குப் பத்து நாள் தாங்கும். அதற்குள் பெண் வந்துசேர வேண்டும்.