சைக்கிள் காசு சைக்கிளுக்குத்தான்

இலங்கையில் திருகோணமலைக்குப் பக்கத்து உப்புவெளியில் நாங்கள் நடத்தும் சின்ன உதவிக் குழுவுக்குப் பொருளாளராக என்னைப் போட்டார்கள். கைக்கு வந்தவை ஒரு காசேடு, பற்றுச்சீட்டுப் புத்தகங்கள், வங்கிப் புத்தகம். வங்கியில் காசு இருந்தது. எது எதற்கு வந்த காசு என்று கேட்டால்தான் பதில் இல்லை. "காசு பத்திரமா இருக்குத்தானே தம்பி" என்றார் தலைவர்.

கனடாவில் இருக்கும் ஒருவர் சம்பூர்ப் பிள்ளைகளின் சைக்கிளுக்கு அனுப்பியது, லண்டன் குடும்பம் ஒன்று தாயாரின் திவசத்துக்குச் சாப்பாடு கொடுக்கச் சொல்லித் தந்தது, எங்கள் சந்தா எல்லாம் ஒரே மீதியாகக் கிடந்தன. ஐந்தாம் திருவிழா உபயகாரரின் காசை ஏழாம் திருவிழாவுக்குச் செலவழித்தால் கோயிலில் என்ன சண்டை வரும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதே ஆட்கள் குழுக் காசென்றால் மட்டும் தாராள மனதுக்காரர் ஆகிவிடுவார்கள்.

ஒவ்வொன்றுக்கும் தனி வங்கிக் கணக்குத் திறக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு கணக்குக்கும் கூட்டத் தீர்மானம், கையெழுத்துக்காரர்கள் என்று அலைச்சல். தேவையில்லை. காசேட்டில் மொத்தத் தொகைக்குப் பக்கத்தில் பொது, சைக்கிள், சாப்பாடு, கொப்பி என்று நிரல்கள் கீறினேன். வருகிற, போகிற ஒவ்வொரு தொகையும் மொத்தத்திலும் ஒரு நிரலிலும் விழும். மாத முடிவில் நிரல்களின் மீதிகளைக் கூட்டினால் வங்கி மீதியும் கைக்காசும் சேர்ந்த தொகை வரவேண்டும். பொது நிரல் கழித்தலுக்குப் போனால், அடுத்தவர் தந்த காசில் நாங்கள் கைவைத்திருக்கிறோம் என்று அர்த்தம்.

பழையதைப் பிரிப்பதுதான் பெரும்பாடு. வங்கிக்கூற்று ஒரு பக்கம், வாட்ஸ்அப் ஒரு பக்கம். "ஊருக்கு ஏதாவது செய்யுங்கோ" என்று எழுதியவரின் காசு பொதுவுக்கு. "படிக்கிற பிள்ளையளுக்கு" என்று குரல்பதிவு அனுப்பியவரின் காசைக் கொப்பிக்கும் எடுக்கலாம், புத்தகப்பைக்கும் எடுக்கலாம். அவர் சொன்னதை அப்படியே எழுதி வைத்தேன். நோக்கம் சொல்லி அனுப்பியும் விவரம் தெளிவில்லாமல், ஆளையும் பிடிக்க முடியாமல் கிடந்த தொகைகளுக்குத் தனி நிரல். அவற்றைப் பொதுவில் தள்ளச் சொன்னவர்களுக்கு நான் தலையாட்டவில்லை.

இதற்கிடையில் மகாவலி பெருகி வெருகல் பக்கம் வெள்ளம். "சைக்கிள் காசு சும்மா கிடக்கு, எடுத்துச் சமைப்பம், பிறகு போடலாம்" என்றார் செயலாளர். பசிக்கிற நேரத்தில் கணக்குப் பேசுகிறவன் கெட்டவனாகத்தான் தெரிவான். ஆனால் குழு தன் காசில் தானே ஒதுக்கி வைத்ததைக் குழுவே மாற்றலாம். கொடுத்தவர் இன்னதுக்கென்று சொன்னதை எங்கள் வாக்கெடுப்பு மாற்றாது. இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகம் இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கு வெளியிட்ட கணக்கு நடைமுறையிலும் இந்தப் பிரிப்பு இருக்கிறது. கனடாக்காரருக்கு, "இவ்வளவு தொகையை வெருகலில் சமைத்த சாப்பாட்டுக்கு மாற்றலாமா? வேண்டாம் என்றாலும் சரி" என்று எழுதினேன். பாதியை மாற்றச் சொல்லிப் பதில் வந்தது. அதை அச்செடுத்துக் கூட்டக்குறிப்புப் புத்தகத்தில் ஒட்டினோம். மீதிப் பாதிக்குப் பிறகு சைக்கிள் வாங்கினோம்.

அப்புறம் யாரும் காசு தராத செலவுகள். திருகோணமலையிலிருந்து சம்பூருக்குச் சைக்கிள் ஏற்றும் லொறிக்கூலியை எந்த நிரலில் போடுவது? பற்றுச்சீட்டு அச்சடிக்கும் செலவு? இப்போது காசு வாங்கும்போதே கேட்டுவிடுகிறோம். பற்றுச்சீட்டின் அடியில் இரண்டு வரி: ஏற்றுக்கூலி இதிலிருந்து எடுக்கலாமா, மிஞ்சினால் பொதுவுக்குப் போகலாமா. கொடுப்பவர் சரி போடுவார், அல்லது போடமாட்டார். வெளிநாட்டுக்காரருக்கு அதே கேள்விகள் வாட்ஸ்அப்பில் போகும். வட்டி பொதுவுக்கு என்றும் அதிலேயே அச்சடித்திருக்கிறோம். 2025 ஏப்ரலிலிருந்து வட்டியில் 10 வீதம் வரியாகப் பிடிக்கிறார்கள். மிஞ்சுவது பெரிய தொகையுமில்லை.

ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிரல்களோடு கணக்கைக் காட்டியபோது பொது நிதி எவ்வளவு மெலிந்து கிடக்கிறது என்பது முதல்முறையாகத் தெரிந்தது. இத்தனை நாளும் மொத்த மீதியைப் பார்த்துப் பணக்காரக் குழு என்று நினைத்திருந்தார்கள். சந்தாவைக் கூட்டும் தீர்மானம் அன்றே நிறைவேறியது. எதிர்த்துக் கை தூக்கியவர் செயலாளர் மட்டும்.