பிரஷர் இல்லாத அப்பாவுக்கு எதற்கு பிரஷர் மாத்திரை?

அப்பாவின் மாத்திரை டப்பாவைப் பார்க்கும் உறவினர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அண்ணனுக்கு பிரஷரே கிடையாதே, எதுக்கும்மா இந்த மாத்திரை? பேசாம நிறுத்திடேன்" என்றார் சித்தப்பா. அப்பாவுக்கு சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறி இறுகிப்போகும் நோய். மாத்திரையின் பெயர் கார்வெடிலால். தயவுசெய்து யாரும் இப்படி யோசனை சொல்லாதீர்கள்.

கையில் பட்டை சுற்றிப் பார்க்கும் ரத்த அழுத்தம் வேறு, அப்பாவுக்கு இந்த மாத்திரை குறைக்க வேண்டிய அழுத்தம் வேறு. குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் வரும் ரத்தம் போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்குள் போக வேண்டும். தழும்பேறி இறுகிப்போன கல்லீரல் அதை எளிதில் உள்ளே விடாது. தேங்கும் ரத்தம் வேறு வழி தேடும்போது உணவுக்குழாயின் அடியில் உள்ள மெல்லிய சிரைகள் புடைத்துக்கொள்கின்றன. அவை வெடித்தால் ரத்த வாந்தி, உயிருக்கே ஆபத்து. கல்லீரலின் இரு பக்கமும் உள்ள அழுத்த வித்தியாசம் சாதாரணமாக 5 மி.மீ. பாதரச அளவு வரைதான் இருக்கும். 10-ஐத் தொட்டால் சிக்கல்கள் தொடங்கலாம், 12-க்கு மேல் போனால் சிரை வெடிக்கும் அபாயம்.

கார்வெடிலால், ப்ரொப்ரானலால் போன்றவை இதயத்தின் வேகத்தைக் குறைப்பதோடு குடலுக்குப் போகும் ரத்தக் குழாய்களையும் சுருக்குகின்றன. போர்ட்டல் சிரைக்கு வரும் ரத்தமே குறைகிறது. கார்வெடிலால் கல்லீரலுக்குள் இருக்கும் இறுக்கத்தையும் கொஞ்சம் தளர்த்தும். சித்தப்பா பிரஷருக்குச் சாப்பிடும் அட்டெனலால் முக்கியமாக இதயத்தில்தான் வேலை செய்யும், அதனால் இதற்கு அது மாற்று ஆகாது.

1980-களின் தொடக்கத்திலேயே பிரான்சில் டிடியே லெப்ரெக் குழுவினர் ப்ரொப்ரானலால் கொடுத்து, மீண்டும் ரத்தம் கசிவது குறைவதைக் காட்டிவிட்டார்கள். எனக்கு அதைவிடப் பெரிய நம்பிக்கை தந்தது 2019-இல் ஸ்பெயினிலிருந்து வந்த ஆய்வு. போர்ட்டல் அழுத்தம் கூடியிருந்தும் உடல் இன்னும் தாக்குப்பிடித்துக்கொண்டிருந்த நோயாளிகளில், இந்த வகை மாத்திரை எடுத்தவர்களில் 16 சதவீதத்தினருக்கு நோய் முற்றியது அல்லது மரணம் நேர்ந்தது. எடுக்காதவர்களில் அது 27 சதவீதம். முக்கியமாக வயிற்றில் நீர் கோப்பதுதான் குறைந்தது. அப்பாவும் இப்போது அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறார்.

எங்கள் டாக்டர் 6.25 மி.கி.யில் தொடங்கி, பிறகு 12.5 ஆக்கினார். டோஸ் கூட்டிய புதிதில் அப்பாவுக்கு எழுந்தால் கிறுகிறுவென்று வந்தது. சாப்பாட்டோடு கொடுக்கச் சொன்னார்கள், மருந்து மெதுவாக உடலில் சேருமாம். கட்டில் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டுச் சற்று நேரம் உட்கார்ந்த பிறகே எழுவார். நான் நாடித்துடிப்பையும் பிரஷரையும் நோட்டில் எழுதிவைப்பேன்.

அந்த நோட்டு ஒருமுறை ரொம்ப உதவியது. வயிற்றுப்போக்கில் அவர் துவண்டு கிடந்தபோது பிரஷரின் மேல் அளவு 88 காட்டியது. 90-க்குக் கீழே போனால் கூப்பிடச் சொல்லியிருந்ததால் உடனே டாக்டரிடம் பேசினேன். மாத்திரையை நிறுத்தி, ரத்தத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) சோடியமும் பார்த்து, உடம்பு தேறியதும் குறைந்த டோஸில் மறுபடி தொடங்கினார். டாக்டர் சொல்லி நிறுத்துவது இப்படி. நாமாகத் திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் திரும்ப ஏறி ரத்தக்கசிவு வரலாம்.

ஆஸ்துமா இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இந்த மாத்திரை மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். அப்படிப்பட்டவர்களுக்குச் சிரை பெரிதாகப் புடைத்திருந்தால் எண்டோஸ்கோபி வழியாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டிவிடுவார்கள்.