34 லட்சம் பேர் ஒன்றே முக்கால் கோடி ஆன கதை

எங்கள் அறக்கட்டளை சின்னது. கூலி வேலைக்குப் போகும் பெண்களின் கைக்குழந்தைகளுக்காக மூன்று ஊர்களில் காப்பகம் தொடங்கப் பணம் கிடைத்தது. எந்த மூன்று ஊர் என்பதுதான் கேள்வி. வழக்கமாக இதெல்லாம் ஒரே கூட்டத்தில் முடிந்துவிடும். நிர்வாகக் குழுவில் ஒருவருக்குத் தெரிந்த தலைவர் ஒரு ஊரில் இருப்பார், இன்னொரு ஊரில் வாடகையில்லாமல் கட்டடம் கிடைக்கும். இந்த முறை நிதி கொடுத்தவர்கள், "ஏன் இந்த ஊர் என்று எண்களோடு எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டுவிட்டார்கள். எக்செல் தெரியும் என்று எப்போதோ நான் வாய்விட்டிருந்ததால் வேலை என் தலையில் விழுந்தது. உண்மையில் எனக்குத் தெரிந்தது சம்பளப் பட்டியல் போடுவதும் வவுச்சர் கணக்கும்தான்.

எங்கள் களம் இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டம். கையில் கிடைக்கும் கடைசி சென்சஸ் 2011. 2021ல் எடுத்திருக்க வேண்டியது கொரோனாவால் தள்ளிப்போனது. அடுத்ததற்கு 2027 மார்ச் 1 என்று நாள் குறித்து 2025 ஜூனில் அறிவிப்பு வந்தது. அதுவரை காத்திருக்க முடியாது. சரி, இருப்பதை வைத்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

கிராம அளவு வரை போகும் கோப்புக்கு முதன்மைக் கணக்கெடுப்புச் சுருக்கம் என்று பெயர். எல்லோரும் பி.சி.ஏ. என்பார்கள். சென்சஸ் இணையதளத்தில் இலவசமாக எக்செல் கோப்பாகவே கிடைக்கிறது. திறந்தால் எண்பதுக்கும் மேற்பட்ட பத்திகள், தலைப்பெல்லாம் சுருக்கக் குறிகள். பி_06 என்றால் பூஜ்யம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகள். மெயின்_ஏஎல்_எஃப் என்றால் வருடத்தில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை பார்த்த விவசாயக் கூலிப் பெண்கள். அரை மணி நேரம் பார்த்தால் பழகிவிடும். கிராமவாரியாகக் குழந்தைகள் எண்ணிக்கையும் கூலிப் பெண்கள் எண்ணிக்கையும் ஒரே வரிசையில் இருப்பதைப் பார்த்ததும் வேலை ஒரு மாலையில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். மூன்று வாரம் ஆனது.

கள்ளக்குறிச்சி 2019ல்தான் தனி மாவட்டமானது. 2011 கோப்பில் அந்தப் பெயரில் மாவட்டம் கிடையாது, எல்லாம் விழுப்புரம். அந்த விழுப்புரத்தைத் தேடினாலே முதலில் கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் நாம் இரண்டு எல், ஒரு பி போட்டு எழுதுவோம். சென்சஸ்காரர்கள் ஒரு எல், இரண்டு பி போட்டிருக்கிறார்கள். மாவட்டத்தையே காணோமே என்று கொஞ்ச நேரம் பதறியது நிஜம்.

கோப்பு சரியாக இறங்கியிருக்கிறதா என்று பார்க்க, மொத்த மக்கள்தொகைப் பத்தியின் அடியில் ஒரு கூட்டல் போட்டேன். ஒன்றே முக்கால் கோடியைத் தாண்டியது. தமிழ்நாடே அந்த வருடம் 7,21,47,030 பேர்தான். நான்கில் ஒருவர் எங்கள் மாவட்டத்துக்காரர் என்றால் எம்.எல்.ஏ. எண்ணிக்கையிலாவது தெரிந்திருக்குமே!

காரணம் புரிய ஒரு நாள் பிடித்தது. அந்தக் கோப்பில் மாவட்டத்துக்கு மூன்று வரிசை உண்டு: மொத்தம், ஊரகம், நகர்ப்புறம். அதற்குக் கீழே ஒவ்வொரு தாலுகாவுக்கும் அதே மூன்று வரிசை. அதற்கும் கீழே கிராமங்களும் பேரூர்களும் தனித்தனியாக, பேரூருக்குள் வார்டுகள் மறுபடி தனியாக. பத்தியை அப்படியே கூட்டினால் ஒரே ஆளை மாவட்ட வரிசைகளில் இரண்டு தடவை, தாலுகா வரிசைகளில் இரண்டு தடவை, தன் ஊரில் ஒரு தடவை என்று ஐந்து முறை எண்ணுகிறோம். நகரத்துக்காரராக இருந்தால் வார்டில் இன்னொரு முறை. ஃபில்டரில் கிராமம், பேரூர் இரண்டை மட்டும் வைத்துவிட்டு மறுபடி கூட்டியபோது 34,58,873 வந்தது. அதுதான் 2011ல் விழுப்புரம் மாவட்டத்தின் மக்கள்தொகை. அன்றிலிருந்து எந்தக் கோப்பை இறக்கினாலும் முதல் வேலை இதுதான். வெளியே தெரிந்த ஒரு மொத்தத்தோடு என் கூட்டல் ஒத்துவருகிறதா என்று பார்க்காமல் அடுத்த அடி வைப்பதில்லை.

அப்புறம் தாலுகா. 2011ல் மாவட்டத்துக்கு எட்டே தாலுகா. இன்றிருக்கும் சின்னசேலமும் கல்வராயன்மலையும் அந்தப் பட்டியலில் இல்லை. பழைய திருக்கோவிலூர் தாலுகாவின் சில ஊர்கள் இன்று விழுப்புரம் பக்கம் போய்விட்டன. பழைய பட்டியலையும் இன்றைய பட்டியலையும் ஊர்ப் பெயரை வைத்து வீலுக்கப் (ஒரு பட்டியலில் இருப்பதை இன்னொன்றில் தேடி எடுத்துத் தரும் எக்செல் சூத்திரம்) போட்டுச் சேர்க்கலாம் என்று பார்த்தேன். ஒரே பெயரில் இரண்டு ஊர் இருந்தால் வீலுக்கப் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துக் கொடுத்துவிட்டு கமுக்கமாக இருந்துவிடும், தவறு என்று ஒரு வார்த்தை சொல்லாது. புதூர்களும் நல்லூர்களும் நிறைந்த நாட்டில் இது விளையாட்டில்லை. கடைசியில் பெயரை விட்டுவிட்டு ஆறு இலக்கக் கிராம எண்ணைப் பிடித்துக்கொண்டேன். மத்திய அரசின் உள்ளாட்சி எண் பட்டியல், அதாவது எல்.ஜி.டி., அதே 2011 சென்சஸ் எண்ணையும் வைத்திருக்கிறது. எந்த ஊர் இன்று எந்த மாவட்டம், எந்த ஊராட்சி என்பதை அங்கிருந்து எடுத்து ஒட்டினேன். இதில் ஒரு சின்னக் கண்ணி உண்டு. தாலுகா எண் பூஜ்யத்தில் தொடங்கும். அந்தப் பத்தியை எழுத்து என்று அமைக்காமல் விட்டால் எக்செல் தன் இஷ்டத்துக்குப் பூஜ்யத்தைத் தின்றுவிடும். பிறகு எதுவும் எதோடும் பொருந்தாது.

ஒருவழியாகப் பட்டியலை வரிசைப்படுத்தினேன். பெண்களில் கூலி வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை சதவீதம் என்று பார்த்தால், மேலே வந்தவை எல்லாம் சின்னஞ்சிறு ஊர்கள். பதினைந்து வீடு இருக்கும் இடத்தில் நாலு பேர் கூடினாலும் குறைந்தாலும் சதவீதம் குதிக்கத்தான் செய்யும். எண்ணிக்கையை வைத்து வரிசைப்படுத்தினால் பெரிய ஊர்கள் மட்டும் மேலே. குழுவில் இதற்கே ஒரு மாலை போனது. குறைந்தபட்சம் இத்தனை குழந்தைகள் என்று ஒரு கோடு போட்டு, அதைத் தாண்டிய ஊர்களை மட்டும் சதவீதப்படி அடுக்குவது என்று முடிவு செய்தோம்.

ஒரு பிழையை நிதி கொடுத்தவர்களே பிடித்தார்கள், சொல்லத்தான் வேண்டும். முதல் வரைவில் நான் மெயின் தொழிலாளர்களை மட்டும்தான் எடுத்திருந்தேன். நடவு, களை, அறுப்பு என்று வருடத்தில் நாலைந்து மாதம் மட்டும் வேலை கிடைக்கும் பெண்கள் வேறு பத்தியில், மார்ஜினல் கணக்கில் போய்விடுகிறார்கள். அந்த மாதங்களில் குழந்தையை விட்டுவிட்டுப் போகிறவர்கள் அவர்களும்தானே? இரண்டையும் கூட்டியதும் பட்டியலின் முதல் பத்து ஊர்களில் நான்கு மாறின.

இதே மாதிரி இன்னொன்று. குழுவின் மூத்தவர் ஒருவர், "படிக்காத பெண்கள் எத்தனை பேர் என்றும் ஒரு பத்தி சேர்த்துக்கோம்மா" என்றார். எழுத்தறிவில்லாதவர் என்ற பத்தி கோப்பிலேயே இருக்கிறது, ஆனால் அதில் தொட்டில் குழந்தையும் அடக்கம். சென்சஸ் எழுத்தறிவு விகிதத்தை ஏழு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை வைத்துத்தான் போடுகிறது. தமிழ்நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தறிவு பெற்றவர் 5,18,37,507. மொத்த மக்கள்தொகையால் வகுத்தால் 71.85 சதவீதம். ஆறு வயது வரையுள்ள 74,23,832 குழந்தைகளைக் கழித்துவிட்டு வகுத்தால்தான் எல்லோரும் சொல்லும் 80.09 வரும். எட்டு சதவீத வித்தியாசம்! குழந்தைகள் அதிகமுள்ள ஊர் என்றால் இன்னும் கூடும். நாங்கள் தேடியதே குழந்தைகள் அதிகமுள்ள ஊர்களைத்தான் என்பதால், அந்தப் பத்தியை அப்படியே போட்டிருந்தால் எல்லா ஊரும் இருப்பதைவிட மோசமாகத் தெரிந்திருக்கும்.

இவ்வளவும் சரி செய்து, பன்னிரண்டு ஊர்ப் பட்டியலோடு திருப்தியாக உட்கார்ந்திருந்த ஒரு மத்தியான வேளையில்தான் அது நடந்தது. எங்களிடம் பதிவு வேலை செய்யும் தம்பி பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஊரும் பட்டியலில் இருந்தது. ஆண் குழந்தைகள் பத்தியில் விரலை வைத்து, "அக்கா, இதுல நானும் ஒருத்தன்" என்றான்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை. 2011 பிப்ரவரியில் கணக்கெடுப்பு வந்தபோது அவனுக்கு ஐந்து முடிந்து ஆறு நடக்கிறது. நான் காப்பகத்தில் போடப் பார்த்த குழந்தைகளில் ஒருவன் மீசை முளைத்து, எங்களிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு நிற்கிறான். சென்சஸ் பழையது என்று எனக்குத் தெரியாமலில்லை. முதல் நாளே அறிக்கையில் ஒரு வரி எழுதியும் வைத்திருந்தேன். ஆனால் எல்லாப் பத்தியும் ஒரே வேகத்தில் பழையதாவதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு ஊரின் மொத்த மக்கள்தொகை மெதுவாக நகரும். பூஜ்யம் முதல் ஆறு என்ற பத்தியிலோ, ஏழே வருடத்தில் ஒரு ஆள் விடாமல் மாறிவிடுவார்கள். நான் அதை வைத்துத்தான் கோடு போட்டிருந்தேன்.

அதற்கப்புறம் அந்தப் பன்னிரண்டு ஊருக்கும் நேரில் போவது என்று முடிவானது. அங்கன்வாடிப் பதிவேட்டில் இன்றைய குழந்தைகள் கணக்கு இருக்கும். பெரும்பாலான ஊர்களில் பணியாளர்கள் மனமுவந்து காட்டினார்கள். ஒப்பிடும்போது ஒன்று கவனிக்க வேண்டும். சென்சஸின் பூஜ்யம் முதல் ஆறு என்பது ஆறு முடிந்த குழந்தையையும் சேர்த்து ஏழு வயதுப் பிரிவுகள். நாங்கள் பதிவேட்டில் எண்ணியது ஐந்து முடிந்தவர்கள் வரை, ஆறு பிரிவு. அதனால் பழைய எண்ணை ஏழால் வகுத்து ஆறால் பெருக்கிவிட்டுத்தான் பக்கத்தில் வைத்தேன். அப்படியும் ஒரு ஊரில் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. இன்னொரு ஊரில் கொஞ்சம்கூடக் குறையவில்லை.

பட்டியலில் முதலிடத்தில் இருந்த ஊருக்குக் காலை ஒன்பது மணிக்குப் போனோம். தெருவில் பெண்களையே காணவில்லை. திண்ணையில் இருந்த பாட்டி, "எல்லாம் ஆறரைக்கே கம்பெனி வேன்ல போயிடுச்சுங்கம்மா, வயலுக்கு யாரு போறா" என்றார். சென்சஸ் எழுதிய விவசாயக் கூலி இப்போது அங்கே இல்லை. ஆனால் காப்பகம் தேவையில்லை என்றும் சொல்ல முடியாது. வயல் வேலைக்கு என்று நாங்கள் திட்டமிட்டிருந்த காலை எட்டரை மணிக்குத் திறக்கும் காப்பகம்தான் அந்த ஊருக்கு உதவாது.

இரண்டாவது ஊரில் வேறு விஷயம். சென்சஸில் அது ஒரே வரிசை, ஒரே வருவாய்க் கிராமம். போய்ப் பார்த்தால் ஐந்து குக்கிராமங்கள், நடுவில் ஏரி. கூலிக்குப் போகும் பெண்களில் பெரும்பாலோர் காலனியில் இருந்தார்கள். எங்களுக்குக் கிடைப்பதாக இருந்த இலவசக் கட்டடம் ஊர்த் தெருவில், கோயிலை ஒட்டி. காலனியில் ஒரு பெண்ணிடம் பிள்ளையை அங்கே விடுவீர்களா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் சிரித்தார். பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்ற பத்தி கோப்பில் இருக்கிறது. அவர்கள் எந்தப் பக்கம் குடியிருக்கிறார்கள், எந்தத் தெருவுக்குள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள் என்பதற்குப் பத்தி கிடையாது. இலவசக் கட்டடத்தை விட்டுவிட்டுக் காலனிப் பக்கம் வாடகைக்குப் பிடித்தோம். குழுவில் ஒருவருக்கு இன்னும் அதில் மனத்தாங்கல்தான்.

கடைசியில் தேர்ந்தெடுத்தவை பட்டியலில் இரண்டு, ஐந்து, ஒன்பதாம் இடத்து ஊர்கள். அப்படியென்றால் மூன்று வாரம் வீணா என்று கேட்டார்கள். இல்லை. அத்தனை கிராமங்களுக்கும் நேரில் போக எங்களிடம் ஆளும் கிடையாது, பெட்ரோலும் கிடையாது. பன்னிரண்டுக்குப் போக முடிந்தது. ஒன்பதாம் இடத்து ஊரின் பெயரை அதற்கு முன் குழுவில் யாரும் கேள்விப்பட்டதுகூட இல்லை. பழைய முறையில் போயிருந்தால் அந்த ஊர் எங்கள் கண்ணில் பட்டிருக்காது.

இரண்டு காப்பகங்கள் நடக்கின்றன. மூன்றாவதற்கு ஆயா கிடைக்கவில்லை, தேடிக்கொண்டிருக்கிறோம். ஷீட்டில் 2011 பத்திக்குப் பக்கத்தில் நேரில் பார்த்தது என்று ஒரு பத்தியும், பார்த்த தேதிக்கு ஒரு பத்தியும் சேர்த்திருக்கிறேன். அதற்கும் அடுத்து 2027 என்று தலைப்புப் போட்டு ஒரு பத்தி காலியாக இருக்கிறது. போன வாரம் தம்பி அதைப் பார்த்துவிட்டு, அடுத்த வருடம் தன் அக்காவுக்குப் பிறக்கப்போகும் பிள்ளை அதில் வருமா என்று கேட்டான். மார்ச் 1க்கு முன்னால் பிறந்துவிட்டால் வரும் என்றேன்.